முன்பள்ளியை மாற்றுவதற்கு முன் ஒரு காலைப்பொழுது

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயதும் ஏழு மாதமும் ஆகின்றது. கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள முன்பள்ளிக்குப் போகின்றான். அங்கே மணலில் விளையாட விடுகின்றார்கள், கதை சொல்கின்றார்கள், பாடுகின்றார்கள். வீட்டுவேலை எதுவும் கொடுப்பதில்லை. அதே வயதுடைய பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறொரு முன்பள்ளியில் படித்து, உயிர்மெய் எழுத்துகளைப் பாராமல் எழுதுகின்றாள். நூறு வரை எண்ணுகின்றாள். கிழமைகளின் பெயர்களை ஆங்கிலத்தில் ஒப்புவிக்கின்றாள். என் மகனுக்குத் தன் பெயரின் முதல் எழுத்து மட்டுமே தெரியும். ஆசிரியையிடம் கேட்டால், இதுதான் நவீன கற்பித்தல் முறை, மூளை வளர்ச்சிக்கு இதுவே நல்லது என்கின்றார். பிள்ளை பின்தங்கிவிடுவான் என்று என் தாயார் தினமும் கவலைப்படுகின்றார். புள்ளிக்கோட்டில் எழுதும் கொப்பிகளும் வாங்கி வந்துவிட்டார். சுவிற்சர்லாந்தில் இருக்கும் என் கணவர் ரப்லெற் ஒன்றை அனுப்பி, ஆங்கில எழுத்துச் செயலிகளையும் ஏற்றிக் கொடுத்திருக்கின்றார். மகன் ‘ரயில்’ என்பதை இன்னும் ‘லயில்’ என்றுதான் சொல்கின்றான். வரும் ஜனவரியில் தரம் 1. இப்போதே முன்பள்ளியை மாற்றிவிடலாமா?
(ஒரு தாய், கோண்டாவில்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஆனால், நவீன முறை என்று ஆசிரியை சொன்ன ஒரு வசனத்தை மட்டும் நம்பி அங்கேயே விட்டுவைக்கவும் வேண்டாம். ஒரு நாள் அனுமதி கேட்டு, பிள்ளைகள் வரும் நேரம் தொடக்கம் வீடு திரும்பும் நேரம் வரை அந்த முன்பள்ளியில் ஒரு மூலையில் இருந்து பாருங்கள். என்ன பார்க்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கின்றேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தில் கலந்து கிடக்கும் இரண்டு அச்சங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது, தரம் 1 பற்றிய அச்சம். இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். ஜனவரி 31 இல் ஐந்து வயது நிறைவடைந்த பிள்ளையை அரச பாடசாலையில் சேர்த்துக்கொள்ளும்போது, வதிவிடம், பெற்றோரின் பழைய மாணவர் தொடர்பு, அங்கே ஏற்கெனவே படிக்கும் சகோதரர் என்பவற்றைப் பார்க்கின்றார்களே தவிர, பிள்ளைக்கு எத்தனை எழுத்துத் தெரியும் என்று சோதித்து இடம் கொடுப்பதில்லை. 1999 இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தரம் 1, 2 ஆகியவற்றை ஒரே முதன்மை நிலையாக வைத்து, வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகிய மூன்றையும் இணைத்தே கற்பிக்கச் சொன்னது. எழுத்துகளை முறையாகக் கற்பிக்க வேண்டிய இடம் தரம் 1 வகுப்பறையே. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் நம் ஊரில் முன்பள்ளி வாசல் வரை நீண்டு கிடப்பதால்தான் இது பலருக்கு மறந்துபோகின்றது.

இரண்டாவது அச்சம் சற்று ஆழமானது: பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தெரிவது உங்கள் மகனுக்குத் தெரியவில்லையே என்பது. இங்கே நாம் கேட்க வேண்டியது, அந்தப் பிள்ளைக்கு உண்மையில் என்ன தெரியும் என்பதைத்தான். அவளைக் குறைத்து இதைச் சொல்லவில்லை; நான்கரை வயதில் அத்தனையையும் மனத்தில் வைத்திருக்கும் நினைவாற்றல் பாராட்டத்தக்கதே. ஆனால் ஒப்புவித்தலும் விளங்கிக்கொள்ளுதலும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சுளகில் புளியங்கொட்டைகளைப் பரப்பி வைத்து, ‘எனக்கு நான்கு தா’ என்று கேளுங்கள். இருபது வரை தடங்கலின்றி எண்ணிச் சொல்லும் பிள்ளைகளுள் சிலர்கூட ஒரு கைப்பிடி அள்ளித் தருவார்கள். எண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கிய பிள்ளை, எண்ணி முடித்த கடைசி எண்ணே மொத்தத் தொகை என்பதை உணர்வதற்கு ஏறத்தாழ ஓராண்டு எடுக்கும் என்பதை, உளவியலாளர் காரென் வின் 1990களின் தொடக்கத்தில் இதைப் போன்ற எளிய சோதனைகளைக் கொண்டே காட்டினார். அந்த ஓராண்டில் பிள்ளைக்குத் தேவைப்படுவது, பொருள்களைக் கையில் எடுத்து, பகிர்ந்து, கூடக் குறையப் பார்த்து, மீண்டும் எண்ணுகின்ற அனுபவம். நூறு வரை எழுதுகின்ற கொப்பி அதைத் தருவதில்லை. உங்கள் மகன் நான்கைச் சரியாகத் தந்து, ‘இன்னும் ஒன்று தந்தால் எத்தனை?’ என்பதற்கும் பதில் சொன்னால், எண்ணறிவில் அவனைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

எழுத்து விடயத்தில் நம் மொழிக்கே உரிய சில சிக்கல்கள் உள்ளன. பெற்றோர் அவற்றை அறிந்திருந்தால் அவசரம் தானாகக் குறையும். தமிழின் 247 எழுத்துகளில் 216 உயிர்மெய். அவற்றை 216 தனித்தனி வடிவங்களாக மனனம் செய்ய வைப்பது பிள்ளையின் மீது தேவையற்ற சுமையை ஏற்றுவதாகும். ஒரு மெய்யோடு ஓர் உயிர் சேர்ந்தால் ஒலி எப்படி மாறுகின்றது என்ற ஒழுங்கைப் பிடித்துக்கொண்ட பிள்ளை பெரும்பாலானவற்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும். ஆனால் அந்த ஒழுங்கைப் பிடிப்பதற்கு, சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கேட்கும் செவி முதலில் வேண்டும். ‘கெ’ என்பதில் கொம்பை முதலில் எழுதிவிட்டு ககரத்தைப் பின்னால் எழுதுகின்றோம். வாயில் வருவதோ முதலில் ககரம்தான். கு, சு, டு, து என்பவற்றில் ஒரே உகரம் எழுத்துக்கு எழுத்து வேறு வடிவம் எடுக்கின்றது. ண, ன, ந ஒரு பக்கம், ர, ற மறு பக்கம். ஒலியைப் பிரித்தறியாத வயதில் இவற்றைப் பார்த்து எழுத வைத்தால் பிள்ளை அவற்றைப் படங்களாகவே வரையும். வாசிப்பு அதிலிருந்து பிறப்பதில்லை. எனவே இந்த ஆண்டு செவிக்குரிய ஆண்டாக இருக்கட்டும். ‘மா-ங்-கா-ய்’ என்று கைதட்டிப் பிரிப்பது, மகரத்தில் தொடங்கும் பொருள்களை வீட்டுக்குள் தேடுவது, எதுகை வரும் பாடல்களைப் பாடுவது எல்லாம் வாசிப்புக்கான நேரடி ஆயத்தங்களே. அவனுக்கு எழுத ஆசை வந்தால் தடுக்கவும் வேண்டாம். விஜயதசமியன்று ஏடு தொடக்கி அரிசியில் அகரம் எழுதுவித்த மரபு நமக்கு உண்டு. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் மறுநாளே அகரத்தையும் இகரத்தையும் கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது நியாயமன்று, ஏனெனில் வளைவும் சுழியும் நிறைந்த அவை சின்னக் கைக்குக் கடினமான வடிவங்கள். கோடுகளாலான ட, ப, ம என்பன எளியவை. அந்த மூன்றையும் புள்ளியையும் கொண்டே படம், பட்டம், மடம் என்று சொற்களை ஆக்கிவிடலாம்.

கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிற்றெலும்புகளும் இந்த வயதில் முழுமையாக உருவாகியிருப்பதில்லை. சில இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். பென்சிலை இறுக்கிப் பிடித்து அரை மணி நேரம் எழுதும் பிள்ளையின் விரல் வெளுத்துப்போவதை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். அந்தக் கைக்கு வேண்டிய பயிற்சி உங்கள் குசினியிலேயே இருக்கின்றது: பிட்டுக்கு மா குழைக்க விடுங்கள், முருங்கையிலை உருவச் சொல்லுங்கள், பயிற்றங்காய் முறித்துத் தரச் சொல்லுங்கள்.

தாயார் வாங்கிவந்த புள்ளிக்கோட்டுக் கொப்பிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2012 இல் கரின் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் சிலரைக் கொண்டு, எழுத்துகளைத் தாமாகவே கையால் எழுதுவது, கோட்டின் மேல் வரைவது, விசைப்பலகையில் தட்டுவது ஆகிய மூன்று வழிகளிலும் பழக்கி, பின்னர் அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது அவர்களின் மூளையில் நிகழ்வதைக் காந்த அதிர்வுப் படமாக்கலின் மூலம் அவதானித்தார். வாசிப்போடு தொடர்புடைய பகுதிகள் தெளிவாகத் தொழிற்பட்டது, தாமாகவே எழுதிய எழுத்துகளுக்குத்தான். சிறிய ஆய்வு, அதுவும் ஆங்கில எழுத்துகளைக் கொண்டது என்பதால் அதையே முடிந்த முடிவாகக் கொள்ளக்கூடாது. ஆயினும், கோணலாகவும் பெரிதும் சிறிதுமாகவும் மகன் தானே மணலில் கீறும் ஒரு ‘ப’, புள்ளிக்கோட்டின் மேல் அழகாக ஏறிச் செல்லும் இருபது ‘ப’வைவிடப் பெறுமதியானது என்று நான் எண்ணுவதற்கு அது துணைநிற்கின்றது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் பழகிய நம் முன்னோரும், மணல்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவ வைத்த மரியா மொண்டிசோரியும் இந்த விடயத்தில் அதிக தூரத்தில் இல்லை. (மொண்டிசோரி அம்மையார் 1907 இல் ரோமில் தம் முதல் சிறுவர் இல்லத்தைத் தொடங்கியவர், 1939 முதல் பல ஆண்டுகள் இந்தியாவில் தங்கிப் பயிற்சி அளித்தார், 1944 இல் இலங்கைக்கும் வந்தார். அவருடைய பெயரை எவரும் முன்பள்ளியின் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ளலாம். பலகையைப் பார்த்து மட்டும் உள்ளே நடப்பதை அறிய முடியாது.)

இனி விளையாட்டுக்கு வருவோம். உங்கள் ஆசிரியை சொன்னது பாதி உண்மை. மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் பிள்ளையின் மூளையில் விரைந்து வளரும் ஆற்றல்களுள் மூன்று மிக முக்கியமானவை: சொன்னதை மனத்தில் ஏந்தி வைத்துக்கொண்டு செயற்படுதல், உடனே தோன்றும் தூண்டுதலை அடக்குதல், ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கு மாறுதல். பிற்காலக் கணிதத்துக்கும் வாசிப்புக்கும் இவையே அத்திவாரம். நான்கு பிள்ளைகள் சேர்ந்து கடை விளையாடும்போது, முதலாளியாக இருப்பவன் ‘எனக்கும் ஒரு இனிப்பு’ என்று பாய்ந்து எடுக்க முடியாது. கேட்டதை நிறுத்துக் கொடுக்க வேண்டும். காசு வாங்க வேண்டும். அடுத்த சுற்றில் வாடிக்கையாளனாக மாற வேண்டும். விளையாட்டில் பிள்ளை தன் உண்மையான உயரத்தைவிட ஒரு தலை உயர்ந்து நிற்கின்றது என்ற பொருளில் உளவியலாளர் வைகொட்ஸ்கி எழுதியது இதைத்தான். ஆனால் அதே வைகொட்ஸ்கி, தனியாகச் செய்ய முடிவதற்கும் அறிந்தவரின் துணையோடு செய்ய முடிவதற்கும் இடையிலுள்ள வெளியில்தான் கற்றல் நிகழ்கின்றது என்றும் வற்புறுத்தினார். மறு பாதி உண்மை அங்கே இருக்கின்றது. பிள்ளைகளை மணலில் விட்டுவிட்டு ஆசிரியை கைத்தொலைபேசியோடு வாசலில் நின்றால், அது விளையாட்டு வழிக் கற்பித்தலாகாது. வெறும் பராமரிப்பு மட்டுமே. நம் ஊரில் இந்தச் சொல்லைக் கவசமாகப் பிடித்துக்கொண்டு எதையுமே ஆயத்தம் செய்யாத இடங்களும் உண்டு என்பதைக் கவலையோடு சொல்கின்றேன்.

இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஐக்கிய அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் யிப்சிலான்டி நகரில் 1962 முதல் 1967 வரை நடந்த பெரி முன்பள்ளித் திட்டத்தில் 123 வறிய பிள்ளைகள் இரண்டு பிரிவாக்கப்பட்டனர்; முன்பள்ளிக்குப் போன பிரிவினர் காலையில் இன்று என்ன செய்யப் போகின்றோம் என்று திட்டமிட்டு, அதைச் செய்து, பின்னர் செய்ததை ஆசிரியரோடு பேசிப் பார்த்தனர். ஆசிரியர்கள் வாரந்தோறும் வீடுகளுக்கும் சென்றனர். நுண்ணறிவுச் சோதனையில் அவர்கள் பெற்ற முன்னிலை சில ஆண்டுகளில் மங்கிவிட்டது. ஆனால் நாற்பது வயதில் அவர்களின் வருமானமும் வாழ்க்கை நிலையும் மற்றப் பிரிவினரைவிட மேலாக இருந்தன. மற்றையது அதே நாட்டின் ரெனசி மாநிலத்தின் அரச முன்பள்ளித் திட்டம் பற்றி 2022 இல் வெளியான ஆய்வு. ஏறத்தாழ மூவாயிரம் பிள்ளைகள். முன்பள்ளி முடியும்போது எழுத்தறிவில் முன்னே நின்றவர்கள், ஆறாம் தரத்தில் அந்த முன்பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைவிடப் பின்னே நின்றார்கள். இதற்கான காரணத்தை அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆசிரியர் பேசப் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து கேட்கும் நேரம் மிகுந்திருந்தமை காரணமாகலாம் என்ற ஐயம் உண்டு. இரண்டும் வேறு காலத்தவை, நம் நாட்டுக்கு அப்பாற்பட்டவை. ஆனாலும், ஐந்து வயதில் கண்ணுக்குத் தெரியும் முன்னிலை பதினொரு வயதில் அப்படியே நிற்கும் என்று எவரும் உறுதி தர முடியாது என்பதற்கு இவை போதும். வாசிப்பை ஐந்து வயதில் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் நியூசிலாந்தில் ஒப்பிட்டவர்களும், பதினொரு வயதளவில் அவர்களுக்கிடையே வாசிப்புத் திறனில் வேறுபாடு காணவில்லை.

இப்போது அந்த ஒரு காலைப்பொழுதுக்கு வருகின்றேன். சுவரில் ஒட்டிய படங்களையும் பொம்மைகளின் எண்ணிக்கையையும் விட்டுவிட்டு, பேச்சைக் கவனியுங்கள். யார் அதிகம் பேசுகின்றார்கள்? ‘இது என்ன நிறம்?’ என்பதைப் போல விடை ஏற்கெனவே தெரிந்த கேள்விகள் மட்டும் கேட்கப்படுகின்றனவா, அல்லது ‘இது ஏன் சரிந்து விழுந்தது, என்ன செய்தால் நிற்கும்?’ என்று பிள்ளையை யோசிக்க வைக்கும் கேள்விகளும் வருகின்றனவா? கேட்டபின் ஆசிரியை பொறுத்திருக்கின்றாரா, தாமே விடையைச் சொல்லிவிடுகின்றாரா? மணலில் விளையாடும் பிள்ளைகளிடம் அளவுச் சிரட்டையோ தண்ணீரோ இருக்கின்றதா, ஆசிரியை அவர்கள் அருகே ஒருமுறையாவது குந்தி உட்கார்ந்து பேசுகின்றாரா? இரண்டு பிள்ளைகள் சண்டையிட்டால், அதட்டிப் பிரித்துவிடுகின்றாரா, என்ன நடந்தது என்று இருவரையும் சொல்ல வைக்கின்றாரா? கதை முடிந்ததும் புத்தகம் மூடப்படுகின்றதா, அதைப் பற்றிப் பேச்சு எழுகின்றதா? இந்த வாரம் என்ன நோக்கத்தோடு இந்தச் செயற்பாடுகளைத் தெரிந்தீர்கள் என்று ஆசிரியையிடமே கேளுங்கள். முறையாகப் பயிற்சி பெற்றவர் அதற்குத் தயங்காமல் பதில் சொல்வார், அநேகமாக மகிழ்ச்சியோடு சொல்வார். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உங்கள் மனம் ஆம் என்றால், அந்த இடத்தை விட்டுவிட வேண்டாம். இல்லையென்றால் மாற்றுங்கள், ஆனால் எழுத்துக்கொப்பி நிறைந்த முன்பள்ளிக்கு மாற்றாமல், இதே கேள்விகளை அங்கும் கேட்டுப் பார்த்த பின்னர் மாற்றுங்கள். மாலையில் ரியூசன் என்ற யோசனை எவரிடமிருந்து வந்தாலும் ஏற்க வேண்டாம்.

ரப்லெற்றைப் பற்றி உங்கள் கணவர் வருந்தாதபடி எடுத்துச் சொல்லலாம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திரைநேரம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. ஓடியாடுவதற்கு மூன்று மணித்தியாலமும் உறக்கத்துக்குப் பத்து முதல் பதின்மூன்று மணித்தியாலமும் வேண்டும் என்றும் அதுவே கூறுகின்றது. ஆனால் எல்லாத் திரையும் ஒன்றல்ல. இரண்டரை வயதுக்குட்பட்ட சின்னஞ்சிறு பிள்ளைகளை வைத்து 2014 இல் வெளியான ஓர் ஆய்வில், பதிவுசெய்த காணொளியிலிருந்து புதிய சொற்களைக் கற்காத பிள்ளைகள், நேரடிக் காணொளி அழைப்பில் ஒருவர் தம்மோடு பேசிக் கற்பித்தபோது அவற்றைக் கற்றுக்கொண்டார்கள். பிள்ளை சொன்னதற்கு மறுமுனையில் பதில் வருவதுதான் வேறுபாடு. ஆகவே செயலிகளை அகற்றிவிட்டு, வார இறுதியிலாவது தந்தை அந்த ரப்லெற்றின் வழியே மகனுக்கு ஒரு கதை சொல்லட்டும். பனி எப்படி விழுகின்றது, அங்கே ரயில் எப்படி மலை ஏறுகின்றது என்று காட்டிப் பேசட்டும். தமிழிலேயே பேசட்டும். தாய்மொழியில் விரிவாகப் பேசிப் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலம் பின்னர் சேர்வது கடினமன்று; இரண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடினால் பிழையும் இல்லை.

உங்கள் தாயாரை எதிர்க்கட்சியாக வைக்க வேண்டாம். அவருடைய கவலைக்கு ஒரு வேலை கொடுங்கள். அம்மம்மாவுக்குத் தெரிந்த நொடிகளும் (விடுகதைகளும்) கதைகளும் எந்தச் செயலியிலும் இல்லை. நொடி அவிழ்க்கும் பிள்ளை மூன்று தடயங்களை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துப் பொருத்திப் பார்க்கின்றது. மேலே நான் சொன்ன முதல் ஆற்றலுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியாது. கதை சொல்லும்போது இடையில் நிறுத்தி, ‘காகம் அப்போது பாடாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். எண் கற்பித்தே தீருவேன் என்று அவர் நின்றால், முற்றத்தில் ஒரு வரிசையாகப் பத்துக் கட்டம் கீறி ஒன்றிலிருந்து பத்து வரை இலக்கமிட்டு, பிளந்த புளியங்கொட்டை இரண்டை எறிந்து வெள்ளை விழுந்த எண்ணிக்கைக்கு ஏற்ப, கட்டத்தின் இலக்கத்தைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லிக் காய் நகர்த்தி விளையாடட்டும். சீக்லர், ரமணி என்ற இரு ஆய்வாளர்கள் 2008 இல் இதைப் போன்ற ஒரு விளையாட்டைத்தான் சோதித்தார்கள். பதினைந்து நிமிடம் வீதம், இரண்டு வாரத்தில் நான்கு முறை விளையாடிய பிள்ளைகளுக்கு எண்களின் பருமன் பற்றிய விளக்கம் தெளிவாகக் கூடியது. அதே ஆண்டில் அவர்கள் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், ஒன்பது வாரம் கழித்தும் அத்தகைய முன்னேற்றம் நிலைத்திருந்தது. இலக்கத்துக்குப் பதிலாக நிறங்கள் மட்டும் இருந்த கட்டத்தில் விளையாடியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. எனவே இலக்கத்தை எழுத மறக்க வேண்டாம்.

கடைசியாக, ‘லயில்’. ரகரம் பிந்தி வரும் ஒலிகளில் ஒன்று. நான்கரை வயதில் அது திருந்தாதது வழமைக்கு மாறானதன்று. திருத்தித் திருத்திச் சொல்ல வைக்காமல், ‘ஓம், ரயில் வருது’ என்று நீங்கள் சரியாகச் சொல்லிப் பேச்சைத் தொடருங்கள். ஆனால் அவன் பேசுவதன் பெரும்பகுதி அயலவருக்கு விளங்கவில்லை என்றாலோ, பின்னாலிருந்து மெதுவாக அழைத்தால் திரும்புவதில்லை என்றாலோ, இரண்டு படிகள் கொண்ட ஒரு வேலையைச் சொன்னால் அடிக்கடி தடுமாறுகின்றான் என்றாலோ, ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம். அவனுடைய பிள்ளை சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைச் சந்தித்தால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாகச் செவிப்புலனையும் பேச்சையும் பரிசோதிக்க யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வழிப்படுத்துவார்கள். இந்தப் பரிசோதனைக்கு முன்பள்ளி ஆசிரியை எழுதித் தரும் ஒரு சிறு குறிப்பும் உதவும். நீங்கள் அங்கே போய் இருக்கப்போகும் அந்த நாளிலேயே அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.